காக்கா ஆழியும் காவலற்ற வாசலும்

காட்டுப்பள்ளி என்னும் பெயர் நமது நேயர்களில் பெரும்பாலோருக்குத் துறைமுகச் செய்திகளின் மூலமாகவே பழக்கப்பட்டிருக்கும். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும். இரண்டிற்கும் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணற்றிட்டு. அதன் தென்கோடியில் எண்ணூர் முகத்துவாரம். வடகோடியில் பழவேற்காட்டு ஏரி. இந்த நீர்ப்பரப்பிலே ஒரு சிறு பிராணி, எவருடைய உத்தரவையும் பெறாமல், சுங்கச்சாவடியில் கணக்கும் காட்டாமல் குடிபுகுந்து, ஆற்றின் அடித்தரையைக் கறுப்புப் பாய் விரித்தாற்போல மூடியிருக்கிறது. செம்படவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயரிட்டிருக்கிறார்கள். சாஸ்திர நிபுணர்கள் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்று அழைக்கிறார்கள். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா ஆகியவற்றின் கரைகளே அதன் சொந்த நாடு.

சிப்பியைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். சட்டசபை, தேர்தல், வரவு செலவுத் திட்டம் முதலிய பெரிய விஷயங்கள் இருக்க, சேற்றில் கிடக்கும் ஆழிக்கு இத்தனை இடமா என்று கேட்கவும் கூடும். ஆனால், ஒரு தேசத்தின் அரசியல் எந்த லக்ஷணத்தில் நடக்கிறது என்பதை அறியப் பெரிய விஷயங்களைக் காட்டிலும் சிறிய விஷயங்களே நல்ல உரைகல்லாகும். வியாபாரத்தின் லாபம் ஒருவருக்கும் அதன் நஷ்டம் மற்றொருவருக்கும் போய்ச் சேருகிறது. நஷ்டமடைந்தவன் ஏழையாகவும் குரலற்றவனாகவும் இருக்கிறான். அவனுடைய வழக்கை விசாரிப்பதற்குள் அவனுடைய ஜீவனமே அழிந்துபோகிறது. இதுவே காக்கா ஆழியின் கதை. ஆகையால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

ஆற்றில் நடப்பது என்ன?

எண்ணூர் கழிமுகத்தில் மீன்பிடித்து வாழும் குப்பங்களுக்கு இறாலும் நண்டும் ஆழியுமே ஆஸ்தி. இறால் மென்மையான சேற்றில் புதைந்தும் மேய்ந்தும் வளரும் பிராணி. படகும் பெருவலையும் இல்லாத ஏழைகள், பெண்கள் உள்பட, இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்துப் பறியிலே போட்டு வருவார்கள். மூலதனம் வேண்டாத தொழில் இது. கைகள் இரண்டும், சேற்றைப் பற்றிய அறிவும் இருந்தால் போதும். இவற்றோடு மஞ்சள் ஆழியும் பச்சை ஆழியும் அவர்களுக்கு உணவாகவும் விற்பனைச் சரக்காகவும் உதவி வந்தன.

காக்கா ஆழி இவை அனைத்தையும் ஒருசேரக் கெடுக்கிறது. அது நூல் போன்ற இழைகளைச் சுரந்து கல்லிலும் கம்பத்திலும் சேற்றிலும் பற்றிக்கொள்கிறது. ஒன்றையொன்று பற்றிக் கொத்துக் கொத்தாகப் பெருகுகிறது. மென்சேறாக இருந்த தரை ஓடுகள் அடர்ந்த தளமாக மாறிவிடுகிறது. இறாலுக்குப் புதைய இடமில்லை; மஞ்சள் ஆழிக்கு மூச்சுவிட இடமில்லை. சேற்றைத் தடவிய கைகளை ஓட்டின் விளிம்பு அறுக்கிறது. வலை இழுத்தால் கறுப்புக் கொத்துகளே பாரமாக வருகின்றன. மிகக் குறைந்த உப்புள்ள நீர் முதல் கடல் நீரிலும் சற்று மிகுந்த உப்புள்ள நீர் வரையில் அதனால் பிழைத்திருக்க முடியும். கோடையில் உப்பேறி மழைக்காலத்தில் நன்னீர் புரளும் நமது கழிமுகங்கள் அதற்கு வாய்த்த இடமாகிவிட்டன.

இந்த ஆபத்து எண்ணூருக்கு மட்டும் உரியதன்று. 1986-ல் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் அது காணப்பட்டது. பின்னர் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும், சிங்கப்பூரிலும், தாய்லாந்திலும் பரவியது. நமது தேசத்தில் கொச்சிக் காயலில் அது இருப்பதை நிபுணர்கள் 2019-ல் வெளியிட்டார்கள். கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலில் ஒரு சதுர மீட்டர் தரையில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட காக்கா ஆழிகளை ஆராய்ச்சியாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். பச்சை ஆழியும் உண்ணத்தக்க சிப்பியும் அங்கே இடம் இழந்தன. அண்டை வீட்டில் தீப்பற்றியதை நாம் கண்டோம். நமது கூரைக்குத் தண்ணீர் தெளித்து வைக்கத் தவறினோம்.

அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு என்பதற்காகவே நாம் இதை வெறுக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நமது சமையலறையில் இருக்கும் மிளகாயும், நமது புன்செய்களில் விளையும் நிலக்கடலையும், முந்திரியும், மரவள்ளியும் அதே கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவையே. அவை வந்த விருந்தாளிகள், குடும்பத்தோடு கலந்துவிட்டன. வேறு சில வந்து வீட்டுக்காரனையே வெளியேற்றிவிட்டன. சீமைக் கருவேலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்கு உதவும் என்று சர்க்காரே தருவித்து வளர்த்தார்கள். இன்று அது இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களில் கண்மாய்களையும் கரம்புகளையும் விழுங்கி நிற்கிறது. அதை ஒழிக்கும்படி சென்னை ஹைக்கோர்ட் பலமுறை சர்க்காரை வற்புறுத்த நேர்ந்தது; 2022-ல் அந்நியத் தாவரங்களைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டு சர்க்கார் தனிக் கொள்கையே வகுத்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

எவ்வழியே வந்தது?

கப்பலில் சரக்கு இல்லாதபோது அது நீரில் நிலைத்து மிதப்பதற்காக, அடித்தளத் தொட்டிகளில் கடல் நீரை ஏற்றிக்கொள்கிறார்கள். பாலாஸ்ட் என்று மாலுமிகள் கூறும் பாரநீர் இதுவே. ஒரு துறைமுகத்தில் ஏற்றிய நீரை, சரக்கேற்றும் மற்றொரு துறைமுகத்தில் கடலுக்குள் கொட்டிவிடுகிறார்கள். அந்நீரில் கண்ணுக்குப் புலப்படாத குஞ்சுகளும் முட்டைகளும் ஆயிரக்கணக்கில் பிரயாணம் செய்கின்றன. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் சிப்பிகள் தேசம் விட்டுத் தேசம் செல்கின்றன. காக்கா ஆழி இவ்விரு வழிகளில் ஒன்றில்தான் ஆசியாவுக்கு வந்திருக்க வேண்டும் என்பது நிபுணர் பலருடைய அபிப்பிராயம்.

நமது கரையைப் பாருங்கள். சென்னைத் துறைமுகம் பழமையானது. அதற்கு வடக்கே, 2001-ல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றது. அதை ஒட்டிக் காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகம். அது 2018-ல் அதானி கம்பெனியார் வசமாயிற்று. ஒரே கரையில் இவ்வளவு நெருக்கமாக மூன்று துறைமுகங்கள்! உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் கப்பல்கள் வந்து போகின்றன. அக்கப்பல்களில் வரும் நிலக்கரிக்குக் கணக்கிருக்கிறது, பெட்டிகளுக்குக் கணக்கிருக்கிறது, மோட்டார் வண்டிகளுக்குக் கணக்கிருக்கிறது. அடியில் ஒட்டியும் தொட்டியில் மிதந்தும் வரும் உயிர்களுக்கு மட்டும் கணக்கில்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் வந்திறங்கி 1613-ல் கோட்டை கட்டிய காலந்தொட்டு, இக்கரையின் ஜனங்கள் கப்பலில் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வியாபாரம் என்று சொல்லியே வந்தனர். எதை விற்பது, எதை வாங்குவது என்று கரையில் இருப்பவனை எவரும் கலந்து பேசியதில்லை. அந்நிய ஆட்சி 1947-ல் நீங்கியது. ஆனால் முகத்துவாரத்தில் வாழ்பவனைக் கேளாமல் முகத்துவாரத்தின் கதியைத் தீர்மானிக்கும் பழக்கம் நீங்கிற்றா?

வழக்கு என்னவாயிற்று?

எண்ணூர்ச் செம்படவர்கள் முறையிட்டார்கள், பத்திரிகைகள் எழுதின. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2024-ல், ஆழியை அகற்றுவதற்காகக் காமராஜர் துறைமுகத்தாரிடம் 160 கோடி ரூபாய் தரும்படி தமிழ்நாட்டு சர்க்கார் கோரினார்கள். 160 கோடி என்ற எண்ணைக் கேட்டு மலைப்பவர்கள், அது எதற்கு விலை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வரும் வழியில் காவல் வைப்பதற்கு ஆகக்கூடிய செலவு இதில் ஒரு சிறு பங்கே ஆகும்.

இதற்குத் துறைமுகத் தரப்பில் என்ன வாதம் சொல்லக்கூடும் என்று வழக்கறிஞன் என்ற முறையில் நாம் யோசித்துப் பார்த்தோம். எந்தக் கப்பல், எந்த நாளில், எந்தத் தொட்டியிலிருந்து இச்சிப்பியைக் கொண்டுவந்தது என்று காட்டுங்கள் என்பது முதல் வாதம். நிலக்கரிக் கப்பல்கள் நிறைபாரத்தோடு வருகின்றன. இங்கே சரக்கை இறக்கிவிட்டு நீரை ஏற்றிக்கொண்டு போகின்றனவேயன்றி நீரைக் கொட்டுவதில்லை என்பது இரண்டாவது. பக்கத்தில் வேறு துறைமுகங்களும் இருக்க எங்களை மட்டும் பிடிப்பானேன் என்பது மூன்றாவது. இவை விளையாட்டு வாதங்கள் அல்ல. நேர்மையாக விடையளிக்க வேண்டியவை.

நிலக்கரிக் கப்பலைப் பற்றிய வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் இக்கரையிலிருந்து மோட்டார் வண்டிகளும் பெட்டிகளில் அடைத்த சரக்குகளும் ஏற்றுமதியாகின்றன. ஏற்றுமதிக்கு வரும் கப்பல்கள் பாரநீரைக் கொட்டவே செய்யும். அடிப்புறத்தில் ஒட்டி வரும் சிப்பிக்கோ, கப்பல் நிறைந்து வந்தாலும் வெறுமையாக வந்தாலும் ஒன்றுதான். பிற துறைமுகங்களைப் பற்றிய வாதமும் செலவைப் பங்கிட வேண்டும் என்பதற்கு நியாயமாகுமே தவிர, ஒருவரும் கொடுக்கவேண்டாம் என்பதற்கு நியாயமாகாது. மூவர் சேர்ந்து ஒரு வீட்டின் கதவைத் திறந்து வைத்தால், எவன் திறந்த கதவின் வழியே பாம்பு வந்தது என்று கடிபட்டவனா ருசுப்பிக்க வேண்டும்?

எந்தக் கப்பல் என்று காட்டச் சொல்லும் வாதத்திற்கு நமது சுப்ரீம் கோர்ட்டே விடையளித்திருக்கிறது. 1996-ல், பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் சாலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில், அசுத்தப்படுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று தீர்ப்பாயிற்று. தன் காரியத்தால் கேடில்லை என்று ருசுப்பிக்கும் பொறுப்பு அக்காரியத்தைச் செய்பவனைச் சார்ந்தது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. பசுமைத் தீர்ப்பாயத்தை அமைத்த 2010-ம் வருஷத்துச் சட்டத்தின் 20-வது பிரிவு, இக்கொள்கைகளை அனுசரித்தே தீர்ப்பளிக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. கப்பலின் பெயரைக் கட்டுமரக்காரன் கண்டுபிடிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பாரநீரின் பதிவேடு யார் கையில் இருக்கிறதோ, அவர்களே அதைச் சபையில் விரித்துக் காட்டட்டும்.

அந்நியச் சிப்பியை ஒழிக்க வேறு சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 62ஏ என்னும் புதிய பிரிவின் மூலம், ஊடுருவும் அந்நிய உயிரினங்களின் இறக்குமதியையும் வியாபாரத்தையும் பரவுதலையும் கட்டுப்படுத்த மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால், விலைச்சீட்டோடு வரும் பிராணிக்கு அது பொருந்தும் அளவுக்கு, விலாசமில்லாமல் கப்பலடியில் வரும் பிராணிக்குப் பொருந்துமா? அதற்கு வேண்டியது துறைமுகத்திலேயே நிற்கும் காவல்.

கால் நூற்றாண்டு அசட்டை

அக்காவல் எப்படி இருக்க வேண்டும் என்பது உலகத்துக்குத் தெரியாத இரகசியமன்று. சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் பாரநீரைப் பற்றி 2004-ல் ஓர் உடன்படிக்கையை இயற்றியது. கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில், ஆழ்கடலில் பாரநீரை மாற்ற வேண்டும். பின்னர் படிப்படியாக அந்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களையே பொருத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கப்பலும் பாரநீர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். துறைமுக அதிகாரிகள் அதைச் சோதிக்கலாம். இவையே அதன் முக்கிய விதிகள். 2017 செப்டம்பர் 8-ந் தேதி அவ்வுடன்படிக்கை அமுலுக்கு வந்தபோது, அதில் சேர்ந்திருந்த தேசங்களின் ஜாபிதாவில் இந்தியாவின் பெயர் இல்லை. சேரலாம் என்று மத்திய மந்திரி சபை 2015-லேயே சம்மதம் அளித்திருந்தும் இந்த நிலைமை!

அறியாமையைச் சாக்காகச் சொல்லவும் வழியில்லை. அந்த உடன்படிக்கைக்கு முன்னதாகவே, அதே ஸ்தாபனம் உலகத்தில் ஆறு துறைமுகங்களைத் தேர்ந்தெடுத்து, 2000-ம் ஆண்டு முதல் பாரநீரைப் பற்றிய மாதிரித் திட்டம் ஒன்றை நடத்தியது. அவ்வாறில் ஒன்று நமது பம்பாய். ஆகவே, நோயும் மருந்தும் நமது அதிகாரிகளுக்குக் கால் நூற்றாண்டாகத் தெரியும். தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமைக் காரியாலயம் சென்னைத் தரமணியிலேயே இருக்கிறது. அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வண்டியில் இரண்டு மணி நேரப் பிரயாணம்கூட இல்லை. 2025-ல் பார்லிமெண்டில் புதிய வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறியது. சட்டப் புத்தகத்தில் ஏறியது துறைமுகப் பாலத்தில் இறங்கி நடக்கிறதா என்பதைக் கவனிப்பது பிரதிநிதிகளின் கடமை; பிரதிநிதிகளைக் கவனிப்பது நமது கடமை.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடல் நீரைக் கொண்டு இயந்திரங்களைக் குளிரவைக்கும் மின்சார நிலையங்களில், குழாய்களுக்குள் சிப்பி ஒட்டிக்கொண்டால் வேலை நின்றுவிடும். ஆகையால் நீரில் குளோரின் கலந்து குழாயைக் காப்பது நெடுநாள் வழக்கம். கல்பாக்கத்தில் பச்சை ஆழிக்கு எதிராக இதைச் செய்து வருகிறார்கள். குழாய் அடைபட்டால் பணமும் நிபுணரும் அன்றே வந்துவிடுகின்றனர். ஒரு குப்பத்தின் வயிறு அடைபட்டால் மட்டும் அறிக்கைக்கு மேல் அறிக்கை. வாய்தாவுக்கு மேல் வாய்தா.

பிற தேசங்களின் பாடம்

1999-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறைகளில், இதைப் போன்ற மற்றொரு அமெரிக்கச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அத்துறைகளுக்கு மதகுக் கதவுகள் இருந்தன. அதிகாரிகள் உடனே அவற்றை அடைத்து, குளோரினையும் துத்தத்தையும் நீரில் இட்டு, சில வாரங்களுக்குள் சிப்பியைப் பூண்டோடு ஒழித்தார்கள். அதே சிப்பி விசாகப்பட்டினத்தில் 1967-லேயே காணப்பட்டது என்பதையும், நமது தேசத்தை விட்டு அது போகவில்லை என்பதையும் நேயர்கள் நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் பெரிய ஏரிகளிலோ, 1988-ல் காணப்பட்ட வரிச்சிப்பியை ஆரம்பத்தில் தடுக்க முடியாமல் போய், இன்றுவரை நகரக் குடிநீர்க் குழாய்களையும் மின்சார நிலையங்களையும் காப்பதற்குச் செலவு செய்துகொண்டே இருக்கிறார்கள். சீக்கிரம் கண்டால் சில வாரம். தாமதமாகக் கண்டால் தலைமுறைக் கணக்கு.

உலகமனைத்துக்கும் இது எவ்வளவு பெரிய சுமை என்பதை 2023-ல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் அறிக்கை கூறுகிறது. மனிதனால் இடம் மாற்றப்பட்டு நிலைபெற்ற அந்நிய உயிரினங்கள் 37,000-க்கு மேல். அவற்றுள் கேடு செய்பவை 3,500-க்கு மேல். 2019-ல் இவற்றால் உலகுக்கு நேர்ந்த நஷ்டம் 42,300 கோடி டாலருக்கு மேல். இந்தக் கணக்கில் எண்ணூர்ப் பெண்ணின் வெறும் பறி சேர்ந்திருக்கிறதா என்பது சந்தேகமே.

டார்வினில் செய்ததை எண்ணூரில் செய்ய முடியாது. இங்கே மதகில்லை, ஆறும் கால்வாயும் ஏரியும் கடலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. விஷத்தை இட்டால் காக்கா ஆழிக்கு முன்பு இறாலும் மீனும் மாண்டுபோகும். அப்படியானால் அதைத் தின்றே தீர்க்கலாமே என்று சிலர் யோசனை சொல்லுகிறார்கள். பிரேசில் தேசத்தில் இதைச் சுருரு என்று ருசித்துச் சாப்பிடுவது உண்மைதான். ஆனால் ஆழி நீரை வடிகட்டி உண்ணும் பிராணி. நீரில் உள்ள நஞ்சு அதன் உடலில் சேரும். அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கும் கழிமுகத்தில் வளர்ந்ததை, சோதனையின்றி ஏழையின் தட்டில் வைப்பது பரிகாரம் ஆகாது.

இங்கேதான் விஷயத்தின் மற்றொரு பாதியும் வெளிப்படுகிறது. கொசஸ்தலை ஆறு ஆரோக்கியமாக இருந்த காலத்தில் காக்கா ஆழி வரவில்லை. சாம்பற்குழாய் உடைந்து ஆற்றின் ஆழம் குறைந்தது. நிலைய வெந்நீர் ஆற்றில் விழுந்தது. சதுப்பு நிலங்கள் மேடாக்கப்பட்டன. 2017 ஜனவரியில் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் பெருவெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. சுதேசி உயிர்கள் இவ்வாறு நலிந்திருந்த இடத்தில், எதையும் தாங்கும் அந்நியன் எளிதில் வேரூன்றினான். உள்ளே ஒற்றுமையும் பலமும் குன்றிய நாட்டில் வெளியார் புகுந்த வரலாறு நமக்குப் புதிதன்று. ஆகையால் ஆழியை மட்டும் வாரி எறிந்துவிட்டு ஆற்றை இந்தக் கதியிலேயே விட்டுவைத்தால், இன்னொரு பெயரில் இன்னொரு ஆழி வரும்.

செய்யத்தக்கது

முதலாவது, காக்கா ஆழி எதுவரை பரவியிருக்கிறது என்பதை அளந்து, அதன் விளிம்பிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். நடுவில் கைவைத்தால் செலவு மிகும். விளிம்பில் காவல் வைத்தால் பரவுதல் நிற்கும். பக்கிங்ஹாம் கால்வாய் எண்ணூரைப் பழவேற்காட்டோடு இணைக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் இரண்டாவது பெரியதான அந்த ஏரியை நம்பி எத்தனையோ கிராமங்கள் வாழ்கின்றன. அங்கே சிதறிக் கிடக்கும் கொத்துகளை இன்றே எடுப்பது, பத்து வருஷம் கழித்து ஏரி முழுவதையும் சுரண்டுவதைவிட எளிது.

இரண்டாவது, இவ்வேலை செம்படவர்கள் கையால் நடக்க வேண்டும். பெரிய இயந்திரங்களைக் கொண்டு அடித்தரையைத் தோண்டினால், மிஞ்சியிருக்கும் மஞ்சள் ஆழியும் சேர்ந்து போகும். எந்த இடத்தில் எது கிடக்கிறது என்று அறிந்தவர்கள் அந்தப் பெண்களும் ஆண்களுமே. ஆனால், 2023-ல் எண்ணெய் பரவியபோது தகுந்த கையுறையும் பாதுகாப்பும் இன்றி அவர்களை வாளியும் குவளையுமாக இறக்கியது போல மீண்டும் செய்வது கூடாது. நல்ல கூலியும், கருவியும், வைத்திய வசதியும் கொடுக்க வேண்டும். எடுத்த ஆழியை நீரின் ஓரத்தில் குவித்தால் அலை அதைத் திரும்பக் கொண்டுபோகும். கரையேற்றி உலர்த்தி அழிக்க வேண்டும்.

மூன்றாவது, செலவு. சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று துறைமுகங்களும் வந்து போகும் கப்பல்களின் அளவுக்கு ஏற்பப் பங்கிட்டு ஒரு நிதி அமைக்கட்டும். வழக்கு முடியும்வரை சர்க்கார் முன்பணம் போட்டு வேலையைத் தொடங்கி, பிறகு வசூலித்துக்கொள்ளட்டும். நீதிமன்றத்தில் வாய்தா கேட்கலாம். ஆழி வாய்தா கொடுப்பதில்லை. இழந்த வருமானத்துக்கு நஷ்ட ஈடும் இந்நிதியிலிருந்தே போக வேண்டும்.

நான்காவது, வாசற் காவல். பாரநீர்ப் பதிவேட்டைச் சோதித்தல், கப்பல் அடிப்புறத்தைப் பரிசீலித்தல், துறைமுக நீரில் புதிய உயிர்கள் தோன்றியுள்ளனவா என்று ஆண்டுதோறும் ஆராய்ந்து அதன் முடிவைத் தமிழில் வெளியிடுதல் ஆகியவை துறைமுக உத்தரவின் நிபந்தனைகளாக வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் யோசனை ஒன்று முன்வைக்கப்பட்டதையும், கரையோர ஜனங்கள் அதைக் கடுமையாக எதிர்த்ததையும் நேயர்கள் அறிவார்கள். அந்த யோசனையின் மற்ற குணதோஷங்கள் ஒருபுறம் இருக்கட்டும். இருக்கும் வாசலுக்கே காவல் போடாதவர்கள் வாசலை அகலமாக்க அனுமதி கேட்பது எந்த நியாயம்?

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை

வடசென்னையில் அரசியல் வேலை செய்யும் இளைஞர்களுக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். மேடைகளில் தேசபக்தியைப் பற்றிப் பேசுவது எளிது. தேசம் என்பது முகத்துவாரக் குப்பத்துச் சேறும், அதில் கைவிட்டு ஜீவிக்கும் பெண்ணும் சேர்ந்ததே. அந்தக் குப்பங்களுக்கு ஒருநாள் காலையில் நீர் வடிந்திருக்கும் வேளையில் செல்லுங்கள். அவர்கள் காட்டும் இடத்தைப் பாருங்கள்; அவர்கள் சொல்லுவதை எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில், எந்த மாதத்தில் ஆழி தோன்றியது, இறால் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கை ஊர்ப்பஞ்சாயத்தார் கையெழுத்தோடு தயாரியுங்கள். தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பார் ஆதாரம் எங்கே என்று கேட்கும்போது எடுத்து வைக்கத்தக்க ஆதாரம் அதுவே. சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் பாரநீரைப் பற்றிக் கேள்வி கேட்கும்வரை அவர்களை விடாதீர்கள்.

காக்கா ஆழியை இனி முற்றிலும் ஒழிக்க முடியும் என்று நாம் வாக்களிக்கவில்லை. அதன் பெருக்கத்தைத் தடுத்து, இறாலுக்கும் மஞ்சள் ஆழிக்கும் இடத்தை மீட்டுக் கொடுப்பது சாத்தியமே. அதைவிட அவசியமானது, அடுத்த கப்பலில் வரும் அடுத்த பிராணியைத் தடுப்பது. துறைமுகம் தேசத்தின் வாசல். வாசலில் சுங்கம் வாங்குகிறவனே அங்கு காவலுக்கும் பொறுப்பாளி. இந்த எளிய நியாயத்தை ஏற்கும்படி துறைமுகத்தாரையும் சர்க்காரையும் செய்துவிட்டால், எண்ணூர்ச் செம்படவர்கள் பட்ட கஷ்டம் தமிழ்நாட்டுக் கரை முழுவதுக்கும் ஒரு காப்பாக முடியும். செய்யத் தவறினாலோ, இன்று கொசஸ்தலையில் விரிந்திருக்கும் கறுப்புப் பாய் நாளைக்குப் பழவேற்காட்டு ஏரி முழுவதும் விரியும். அப்போது கை நீட்டிக் குற்றம் சாட்ட நமக்கு முகம் இராது.